நேர்காணலுக்குக் கட்டிய சோறு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடியலிலிருந்தே மழை. அலோர் ஸ்டார் வரும் பேருந்து எல்லாம் தாமதம், அதனால் கடையில் கூட்டமும் தாமதம். மீன் தலைக் கறி நன்றாக அமைந்தது. ரொட்டி மாவு தீர்ந்தது, நாளை வாங்க.

என் மனைவி நூருக்கு நேர்காணல் உறுதி. திங்கள், காலை 10, சுங்கை பட்டாணி கல்லூரி. பாலர் பள்ளி ஆசிரியர் படிப்பு. முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் பேச வேண்டுமாம். கல்யாணமாகி வந்த நாள் முதல் கல்லாவில் உட்கார்ந்தவள். பிள்ளைகள் வளர்ந்ததும் "இனி என் முறை" என்று விண்ணப்பம் போட்டாள். இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். ஒரே வாய்ப்பு.

அரிசி அலமாரிக் கதவில் ஆங்கில இலக்கணத் தாள் ஒட்டியிருக்கிறாள். ஒரு பக்கம் 'டு', மறு பக்கம் 'இங்'. வான்ட் என்றால் 'டு கோ'. எஞ்ஜாய் என்றால் 'கோயிங்'. மாற்றிச் சொன்னால் தப்பு. தமிழில் படிக்கப் பிடிக்கும் என்றாலும் சரி, படிப்பது பிடிக்கும் என்றாலும் சரி. வெள்ளைக்காரனுக்கு ஏன் இந்தக் கெடுபிடி?

ஆகஸ்ட் 6, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

நூர் பாடம் படிக்கும் விதமே தனி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாடிக்கையாளர். மூலை மேசை லாட்டரிக்காரர்தான் ஹோப். எப்போதும் 'டு' பக்கம், எப்போதும் நாளைக்கு. மனைவியின் போனை எடுக்காத இன்சூரன்ஸ்காரர் அவாய்ட், 'இங்' பக்கம். பெண்டாங் பேருந்து ஓட்டும் சேகர், ஸ்டாப். இரண்டு பக்கமும் அவன்தான். பயணிகளோடு வண்டியை நிறுத்தித் தே தாரிக் டீ குடிப்பது ஒரு பக்கம். டாக்டர் நிறுத்தச் சொன்னது அதே தே தாரிக்கை, அது மறு பக்கம்.

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இந்த மூளை? ரொட்டி மாவு தட்டிக்கொண்டே கேட்டு எனக்கே பாதி மனப்பாடம். இன்று இன்சூரன்ஸ்காரர் பாலில்லாத டீ கேட்டதும், வாய் தவறி "அவாய்டுக்கு ஒரு தே ஓ" என்று கத்திவிட்டேன். சமையலறை முழித்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேர்காணல் விஷயத்தைச் சேகரிடம் சொன்னேன். தபால்காரரிடமும். எதிர்க்கடைத் துணிக்காரரிடமும். பிறகு யார் யாரிடம் என்று ஞாபகமில்லை.

மாலை நூர் பிடித்துக்கொண்டாள். "கடை முழுக்கத் தம்பட்டம் அடிச்சாச்சா மச்சான்? எடம் கெடைக்கலைன்னா நான் எந்த மூஞ்சோட கல்லாவுல ஒக்காருறது?"

"கெடைக்கும்லா."

"நீங்களா பேட்டி எடுக்கிறீங்க?"

வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். இருந்தாலும் பெருமையை மூடி வைக்க அது என்ன ரசமா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாளைக்கு: நூரின் நீல பாஜு கூரோங் உடை இஸ்திரி. சான்றிதழ்கள். காருக்கு எண்ணெய். நூருக்குத் தலைவலித் தைலம். நண்டுக் கறிச் சோறு நாலு பொட்டலம், பேட்டி எடுக்கிற மூவருக்கும் கௌண்டர் பெண்ணுக்கும். வெறுங்கையோடு ஓர் இடத்துக்குப் போய் எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. கிளினிக்குக்குப் போனாலும் பொட்டலம்தான். நூரிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

 நடந்ததை எழுதிவிட்டால் மனசு அடங்கலாம்.

கல்லூரியில் கௌண்டர் பெண் பொட்டலங்களை வாங்கி, நேராக உள்ளே பேட்டி மேசையில் வைத்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் தலைவர் அம்மா வெளியே வந்தார். யார் கொண்டுவந்தது என்று மலாயில் கேட்டார். நான்தான் என்று சிரித்துக்கொண்டே கை தூக்கினேன், மடையன். நேர்காணலுக்கு முன் குடும்பத்தார் எதுவும் கொடுக்கக் கூடாது, இதை எழுதித்தான் வைக்க வேண்டும், பேட்டியே ரத்தாகலாம் என்றார். எனக்கு மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

நூர் எழுந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

எனக்குப் புரிந்த மட்டில்: என் கணவருக்கு ஆளைக் கண்டால் சோறு போட்டுத்தான் பழக்கம். லஞ்சம் கொடுக்க நினைக்கிறவர் நண்டுக் கறி கொண்டுவர மாட்டார், கையெல்லாம் கறையாகும். ஆனால் விதி விதிதான், எழுதிக்கொள்ளுங்கள். பொட்டலங்களைத் திருப்பிக் கொடுங்கள். மற்றவர்களைவிடக் கஷ்டமான கேள்விகளை என்னிடம் கேளுங்கள்.

ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அலமாரிக் கதவைப் பார்த்து முணுமுணுத்தவளா இவள்? உள்ளே ஒருவர் இருமினார், சிரிப்பை மறைக்கத்தான் இருக்கும். தலைவர் அம்மா நூரை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். கதவு மூடியது.

நான் பொட்டலங்களோடு கார் நிறுத்துமிடத்தில். வெயில். என்னால் இடம் போய்விடுமோ என்ற பயம், ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தே இருக்கிறது. இது என்ன ஜென்மமோ.

திரும்பும் வழியில் குருண் ஊரில் காரை நிறுத்தச் சொன்னாள். பிறகு, "ஒரு பொட்டலம் பிரிங்க, பசிக்குது." பிரித்தேன். நண்டை உடைத்துக்கொண்டே, "ரொம்பக் கேட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். ஆனா ஒங்க சோத்தையும் எழுதிக்கிட்டாங்க. மேல அனுப்புவாங்களாம்."

ஆகஸ்ட் 13, புதன்

மேகமூட்டம். உப்பு கூடிவிட்டது, என் கவனக்குறைவுதான் காரணம்.

"என்னண்ணே, அக்கா பாஸா?" என்று சேகர். தெரியாது என்றேன். வாயைத் திறந்தால் என்னால்தான் கெட்டது என்று வந்துவிடும். நூர் அமைதியாகக் கல்லாவில். தாளைக் கிழிக்கவில்லை, அதில் இன்னும் இரண்டு சொல் கூடியிருக்கிறது. எந்த முடிவு வந்தாலும் சரி. அன்று எழுந்து நின்றாளே, அதை யாரும் திருப்பி வாங்க முடியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதியக் கூட்டம். நூரின் போன். சுங்கை பட்டாணி எண். நான் கரண்டியைப் போட்டுவிட்டு டிவியை அணைத்தேன். கடையே சாப்பிடுவதை நிறுத்தியது. அவள் ஆங்கிலத்தில் நான்கைந்து வார்த்தை, பிறகு நன்றி, பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னண்ணே, என்னாவாம்?" சேகர்.

அவள் முகத்தைப் பார்த்தேன், புரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஊருக்கே தம்பட்டம் அடித்தவன், இந்த முறை அவள் பக்கம் கையைக் காட்டினேன்.

நூர் கல்லாவை விட்டு எழுந்தாள். கடைசி மேசை வரைக்கும் கேட்கிற மாதிரி, அவளே சொன்னாள்: "எடம் கெடைச்சிருச்சு!"