மரவள்ளிக்காட்டில் விழுந்த பந்து

ஞாயிறு, இரவு

எழுத்து கோணலாக ஏறி இறங்குகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும், இப்போதுதான் கற்றேன். ஆனாலும் என் கோபத்தை என் கையாலேயே எழுத முடிவதில் ஒரு சந்தோஷம்.

இன்று எங்கள் ஊருக்கும், என் மனைவி பொன்னம்மா பிறந்த திண்ணனூருக்கும் கால்பந்து ஆட்டம். மைதானம் சரிவு. வெளியே போகும் பந்து எங்கள் மரவள்ளிக்காட்டில்தான் விழும். அங்கே நிற்பவர் எடுத்து எறிவது வழக்கம். பொன்னம்மா நின்றாள். திண்ணனூர்ப் பையன்கள் கேட்டால் பந்து உடனே மேலே வந்தது. எங்கள் பையன்கள் கேட்டால், "தேடறேன் சாமி, செடி மறைக்குது" என்றாள். பந்து அவள் காலடியிலேயே கிடந்ததை நான் பார்த்தேன். அவள் எடுத்து எறிவதற்குள் நேரம் முடிந்து, ஒரு கோலில் தோற்றோம்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"இத்தனை வருசமா உங்க ஊட்டுக்குத்தானுங்க சோறாக்குறேன். பொறந்த ஊட்டுக்கு ஒரு பந்து குடுக்கக் கூடாதுங்களா?"

சோறு வேண்டாம் என்றேன். பலாச்சுளையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அதைத் தின்றுகொண்டேதான் அவளைத் துரோகி என்று எழுதுகிறேன். பேனா விரலில் ஒட்டுகிறது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் திண்ணனூரோடு இதே மைதானத்தில் ஆட்டம். மரவள்ளிக்காட்டில் நான்தான் நிற்பேன். பந்து யாருக்குக் கிடைக்காமல் போனது என்று அன்றிரவு எழுதுகிறேன்.