உபயோகிக்காத ரேசர்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பழைய ரேசர்களின் கதை பேசி அவரை உட்கார வைத்துவிடாதீர்கள்.

நேற்று நான் கத்தியது அதிகம்தான். ஆன்லைன் ஏலத்தில் எவனோ பழைய ரேசருக்குத் தப்பான வருஷம் போட்டால்கூட, "பொய் சொல்லி விக்கிறான் பாரு"ன்னு குதிப்பீர்கள். கல்யாண நாளுக்கு நான் கொடுத்த ரேசரையே ஏலத்தில் போட்டு, 'ஒருமுறைகூட உபயோகிக்காதது' என்று எழுதியிருக்கிறீர்களே! இருபது வருஷமாகப் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. வயிறு எரிந்துவிட்டது.

சாவி செருப்பு அலமாரி மேல்.

பி.கு.: செருப்பு மாட்டும்போது மனசு கேட்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதும் பொய்தான். அந்த ரேசரைப் பழைய சாமான் கடையில்தான் வாங்கினேன். யாரோ ஒருவருடைய தாடி முடி ஒட்டியிருந்தது. பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, புதுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். ஊரார் பொய்யெல்லாம் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது மட்டும் தெரியவில்லை!

'உபயோகித்தது' என்று மாற்றிவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒருமுறை அதில் ஷேவ் செய்துகொள்ளுங்கள். யாரோ உபயோகித்தது, என் புருஷன் மட்டும் உபயோகிக்காதது என்று அது இந்த வீட்டை விட்டுப் போக வேண்டாம்.