சேணத்தை வெளியே வைத்தவள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு ஆடுகள் குட்டி போட்டன. ஒரு குட்டியைத் தாய் சேர்க்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. வீட்டுக்காரர் வில்பர்ட் பள்ளி பஸ் ஓட்டப் போய்விட்டார். பனி இன்னும் விடவில்லை.

மார்ச் 5, வியாழன்

 

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். "ஹார்லனோட மனைவி லூயிலாதானுங்களா?" சிரித்துவிட்டேன். அது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி என்றேன். "நவஹோ பழங்குடிக் கோர்ட்டு ஏட்டுல இன்னும் நீங்கதான் இருக்கீங்க" என்றாள் அந்தப் பெண். ஹார்லனுக்குச் சர்க்கரை முற்றிக் கால் அழுகிவிட்டதாம். நினைவில்லாமல் கிடக்கிறானாம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

மனைவியா? நானா? இருபது வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறவள் மார்வா. அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாளாம். அவள் கையெழுத்து செல்லாதாம்.

போனை வைத்தேன். குட்டி பாலுக்குக் கத்தியது, புட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

மார்ச் 6, வெள்ளி

கோர்ட்டுக்குப் போனேன். குமாஸ்தா ஒரு சின்னப் பெண், டெனீஸ். "நானும் உங்க குலம்தான், சின்னம்மா" என்று நாற்காலி போட்டாள்.

"கல்யாணக் கூடையில சோளக் கூழ் எடுத்து ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம். குதிரையில வந்தான். சேணத்தக் கழட்டி எங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சான்."

"அப்ப அது கல்யாணந்தான். கோர்ட்டு ஏத்துக்கும்."

"அதே சேணத்த நான் தூக்கி வாசலுக்கு வெளிய வச்சேனே. ஊரே பாத்துச்சே."

"சேர்றதுக்கு வழக்கம் போதும், சின்னம்மா. பிரியறதுக்கு நீதிபதி தீர்ப்பு வேணும்."

மூத்தவனைப் பள்ளியில் சேர்க்கும்போது அந்தக் கல்யாணத்தை நானே போய்ப் பதிந்திருக்கிறேன். அந்தப் பதிவை அடித்துவிட யாரும் போகவில்லை. போக வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அம்மாவும் பெரியம்மாவும் இப்படித்தானே ஆளை அனுப்பினார்கள். வீடு பெண்ணுடையது, ஆடும் பெண்ணுடையது. அவன் சாமான் வெளியே வந்தால் அவனும் வெளியே. குடித்துவிட்டு, பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வண்டியைப் பள்ளத்தில் விட்டான். மறுநாள் காலை நான் சேணத்தைத் தூக்கினேன். வாழ்நாளில் தைரியமாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அது நடக்கவே இல்லை என்கிறார்களா?

அப்படியானால் பத்தொன்பது வருஷமாக என்னோடு இருக்கும் வில்பர்ட் யார்?

விவாகரத்து மனு எழுதிக் கொடுத்தேன். குறைந்தது ஒரு மாசம் ஆகும் என்றாள் டெனீஸ். அழுகிற கால் ஒரு மாசம் காத்திருக்குமா?

மார்ச் 7, சனி

ஆஸ்பத்திரி. மார்வா என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். "போட்டுருங்கக்கா. நாளைக்கு வரைக்கும் தாங்காதாம்." பிறகு, "தெனம் அவரு காலக் கழுவி விட்டது நான். எனக்குப் பேரில்ல" என்றாள்.

மனைவி என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன கொடுமை இது — அவனை வெளியே அனுப்பினவளைக் கூப்பிட்டு உள்ளே விடுகிறார்கள், கூட இருந்தவளை வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் போர்த்தியிருந்தார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

கால் போயிற்று. உயிர் இருக்கிறது.

மார்ச் 11, புதன்

வில்பர்ட் சரியாகப் பேசி நாலு நாளாகிறது. இன்று ஆட்டுக்கறிக் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "அப்ப நான் யாரு? வாடக தராத குடித்தனக்காரனா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

விசாரணை. ஹார்லனை மார்வா சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். பாதி ஆளாகிவிட்டான்.

எப்போது பிரிந்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். சேணத்தை வெளியே வைத்த அன்று என்றேன். சேணத்தைப் பார்த்தாயா என்று அவனைக் கேட்டார்.

"இல்லீங்க. லூயிலா வெளிய வச்சுட்டதா சொன்னாங்க. சாயந்தரம் வந்தேன், வாசல்ல ஒண்ணுமில்ல. சரி, மன்னிச்சிட்டா போலன்னு கதவத் தட்டுனேன். தொறக்கல."

அன்று மத்தியானம் மழை. அவன் அப்பா கையால் தைத்த சேணம், நனைந்தால் தோல் வீணாகிவிடும் என்று கொட்டகைக்குள் எடுத்து வைத்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் நீதிபதியிடம் சொன்னேன்.

"அந்தச் சேணம் இப்ப எங்க இருக்கும்மா?"

"எங்க கொட்டகையிலதாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மழைக்காக மட்டும்தானா எடுத்து வைத்தேன்? அன்றைக்கே இதை என்னிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

"இன்னையோட இது முடிஞ்சுது. சேணத்தக் குடுத்துருங்க" என்று தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 15, புதன்

சேணத்தை எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். எலி கடித்திருக்கும், தோல் வெடித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். சாக்கை விலக்கினால் தோல் மெத்தென்று இருக்கிறது. எண்ணெய் வாசனை. நான் ஒரு நாளும் தொட்டதில்லை.

வில்பர்ட் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"நீங்களா?"

"வருஷத்துக்கு ஒரு தடவ எண்ண போடுவேன்."

"எதுக்கு?"

"தோல் வீணாப் போயிருமேன்னுதான்." தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்னைக்காவது அவன் கேட்டு வந்தா... நீ குடுக்கிறதா இருந்தா நல்லபடியா குடுக்கணும்ல."

அப்படியே சேணத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருஷம். ஒரு வார்த்தை கேட்கவில்லையே இந்த மனுஷன்.

ஏப்ரல் 18, சனி

சேணத்தை வாங்கிக்கொள்ள மார்வா பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். எட்டு மணிக்கே சேணத்தைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தேன். ஒன்பதரைக்குத் தூறல் ஆரம்பித்தது, பிறகு நன்றாகவே பிடித்துக்கொண்டது.

வில்பர்ட் சேணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் அதை எடுக்கப் போகவில்லை, காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.