சாமுவேல் வீட்டுப் படியேறியவளுக்கு

அட்டைக்கும் நாய்க்கும் பயந்த என் எஸ்தருக்கு,

போன ஞாயிறு மாத்தளையிலிருந்து புதுப் போதகர் வந்திருந்தார். விசுவாசிக்குத் தைரியம் வேண்டும் என்பதுதான் பிரசங்கம். பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று என் பக்கம் கையை நீட்டினார். "நம்ம தொழிற்சங்கத் தலைவரையே பாருங்க. தோட்டத்துத் தொரை முன்னால நின்னு பேச இவரு என்னைக்காச்சும் பயந்திருக்காரா? அந்தத் தைரியம் நம்ம விசுவாசத்துலயும் வேணும்" என்றார். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவம், அந்த மனிதருக்கு உன்னைத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இடத்தில் என் பெயரை எடுத்திருக்க மாட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பெண்கள் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியிருப்பாய், இல்லையா?

நீ போய் வருடம் திரும்பப் போகிறது. இந்த முறை மழை மோசம். எல்கடுவ பாதையில் மண் சரிந்து சில நாள் பஸ் வரவில்லை. நம் மேல் லயத்து வரிசை வீடுகளில் பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன, தோட்டத்து இளம் பிள்ளைகள் எல்லாரும் கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போய்விட்டார்கள். உன் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு என்னை முறைத்துக்கொண்டு திரிகிறது. சீனி வியாதிக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன். சரி, பெரும்பாலும் போடுகிறேன்.

ஆனால் இதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. போன வாரம் ஜெனிட்டா நம் வாசலுக்கு வந்தாள். சாமுவேலின் மகள். அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கலேவெலப் பக்கம், கடையில் வேலை. அன்று காலை பெண் வீட்டைவிட்டு ஆலயத்துக்குப் புறப்படும் முன், வாசலில் ஒரு பெரியவர் ஜெபம் பண்ணி அனுப்புவது நம் வழக்கம் அல்லவா? நீதான் வந்து செய்வதாக ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அவளுக்கு வாக்குக் கொடுத்தாயாம். "அத்தை இல்ல. அவங்க சொன்னத நீங்கதான் செய்யணும் மாமா" என்றாள்.

சாமுவேல் வீட்டு வாசலில், நான். நீ போட்டுவிட்டுப் போன வேலையைப் பார்த்தாயா?

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இந்த வாரமெல்லாம் யோசிப்பது அவளைப் பற்றியல்ல, உன்னைப் பற்றித்தான். சபைச் சஞ்சிகைக்கு உன் நினைவாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். இதையே கொடுத்துவிடப் போகிறேன். சாமுவேலுக்குச் சம்மதமா என்று ஜெனிட்டாவிடம் சொல்லிக் கேட்டேன். "எஸ்தர் அக்காவப் பத்தி ஒன்னும் மறைக்காம எழுதச் சொல்லு" என்றானாம். வாசிக்கிறவர்களில் பலருக்கு நடந்தது தெரியாது. உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நம் மகள் ரூபி பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தாள். பனி மூடிய மாலை. தேயிலைக் கொழுந்து லொறி பெக்டரிக்கு இறங்கும் வளைவில் அது நடந்தது. லொறி ஓட்டியவன் சாமுவேல். அவன் குடித்திருக்கவில்லை, வேகமாக வரவும் இல்லை, பனிதான் காரணம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். பனியோடு சண்டை போட எனக்குத் தெரியாது. சாமுவேலோடு போட்டேன்.

யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் அந்த வீட்டோடு பேச்சு நின்றுபோனது. தண்ணீர்ப் பீலியில் அவன் மனைவி லீலா குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தள்ளி நின்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் வீட்டுச் சாவு, தலைவர் முகம் கோணக் கூடாது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒளிப்பானேன்?

நீ யார், அப்போது? மலையில் காலில் அட்டை ஏறினால் கூடையைப் போட்டுவிட்டு அலறுகிறவள். கங்காணி ஒரு அதட்டுப் போட்டால் அன்றைக்கெல்லாம் சோறு இறங்காதவள். ஜெபக்கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிக்கச் சொன்னால், "பாக்கியம் அக்கா பண்ணுவாங்க" என்று நழுவிவிடுவாய். உன்னைக் கேலி செய்தே நான் காலத்தை ஓட்டினேன். பிள்ளை போன பிறகு நீ இன்னும் சுருங்கிப்போனாய். இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு நம் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. ஓர் ஓரத்தில் சிலுவை தைத்த வெள்ளை மேசை விரிப்பு ஒன்று. ஜெபம் நடக்கும் வீட்டில் அதை விரிப்பார்கள். முடிந்ததும் அடுத்த வீட்டுக்காரர் கையில் கொடுப்பார்கள். அவர் அதைத் துவைத்து வைத்திருந்து அடுத்த வெள்ளிக்கிழமை தன் வீட்டில் விரிப்பார். இப்படி மேல் லயம் முடிந்து கீழ் லயத்துக்கு இறங்கி, கதவு கதவாகப் போகும். யார் வீட்டையும் தாண்டக் கூடாது. கோபதாபம் இருந்தாலும் தாண்டக் கூடாது என்பதுதான் பெரியவர்கள் வைத்த ஏற்பாடு.

அந்த முறை கீழ் லயத்தில் பாக்கியம் அக்கா வீட்டில் ஜெபம். அவர் காம்பராவுக்கு அடுத்தது சாமுவேல் காம்பரா. சாமுவேலும் லீலாவும் வந்திருக்கவில்லை. பாக்கியம் அக்கா விரிப்பை மடித்தார், அவர்கள் வீட்டைத் தாண்டி அதற்கடுத்த வீட்டுப் பெண்ணிடம் நீட்டினார். மற்றவர்கள் பாட்டுப் புத்தகங்களை மூடி வைத்தார்கள். நானும் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ எழுந்தாய்.

"அக்கா, அது அடுத்த வீட்டுக்குத்தானே போகணும்?" என்று கேட்டாய். குரல் வெளியே வரவே இல்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டிருக்கும். பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்க்கவில்லை. விரிப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போனாய். பக்கத்துக் கதவைத் தட்டும் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவரும் போகவில்லை. நல்ல மழை வேறு. நீ சேலையை மாற்றிக்கொண்டு வேதாகமத்தைக் கையில் எடுத்தாய். எனக்குத் தலை கொதித்தது.

"அந்த வாசப்படிய மிதிச்சா இங்க திரும்பி வராத" என்றேன்.

"வந்துருவேங்க. சோறு ஆக்கி வச்சிருக்கேன், சூட்டோட சாப்பிடுங்க" என்றாய்.

இதற்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? தொரையின் வாயை அடைத்தவன் நான். நீ குடையை எடுத்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போய்விட்டாய்.

நான் பின்னாலேயே வந்தேன். இன்றுவரை இதை உன்னிடம் சொன்னதில்லை. உன்னை இழுத்துக்கொண்டு வரத்தான் வந்தேன். ஆனால் அந்த வாசலை மிதிக்கக் கால் வரவில்லை. பாக்கியம் அக்கா வீட்டுக்குள் நுழைந்து, சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். லயத்துச் சுவர் கூரைவரைக்கும் போகாதே. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

முதலில் மழைச் சத்தம் மட்டும். பிறகு நீ தனியாகப் பாட ஆரம்பித்தாய். சுதியே சேரவில்லை. பாதியில் நின்றுபோனது, லீலா அழுதுகொண்டே எடுத்துக்கொடுத்தாள். அதன் பிறகு நீ ஜெபித்தாய். வாய்விட்டு ஜெபிக்க மாட்டேன் என்று நழுவுகிற நீ.

"ஆண்டவரே, எனக்கு இங்க வர விருப்பமே இல்ல. அது ஒங்களுக்கே தெரியும். படி ஏறுறப்போ காலெல்லாம் நடுங்குச்சு. எம்புள்ளயத் திருப்பிக் குடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன், நீங்க குடுக்கல. ஏன் குடுக்கலன்னு இன்னும் நீங்க எனக்குச் சொல்லல. நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். இப்ப வேற ஒன்னு கேக்குறேன். இத இல்லன்னு சொல்லக் கூடாது. இந்த மனுசன் சாகப் பாக்குறான்னு லீலா சொன்னா. இவன எனக்குக் குடுங்க. உயிரோட குடுங்க. இந்தப் பொம்பளப் புள்ளைக்கு அப்பன் வேணும். நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்."

எஸ்தர், எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதை எழுதும்போதும்தான்.

கடவுளிடம் இப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. மன்றாடுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன், புகழ்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். நீ அவரிடம் நேருக்கு நேர் நின்று கேட்டாய். அவர் அங்கேயே, அந்தப் புகை பிடித்த காம்பராவில், உனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதில் உனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உன் குரலைக் கேட்டு எனக்கும் இல்லாமல் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பெரியவர் ஒருவர் உண்மையிலேயே வந்திருப்பது போல நான் எழுந்து நின்றுவிட்டேன். பாக்கியம் அக்காவும் நின்றார்.

பிறகு சாமுவேலின் அழுகை கேட்டது. "அக்கா, அக்கா" என்ற சொல்லைத் தவிர அவன் வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. வெகு நேரம் கழித்து நீ, "இனிமே அப்படி நெனைக்க மாட்டேன்னு சொல்லு. எனக்கில்ல, அவருக்குச் சொல்லு" என்றாய். அவன் சொன்னான்.

உனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி அடுப்படியில் உட்கார்ந்தேன். நீ வந்தாய். "சாப்பிட்டீங்களா?" என்றாய். விளக்கு வெளிச்சத்தில் உன் கணுக்காலைப் பார்த்தேன். ஒரு பெரிய அட்டை, இரத்தம் குடித்து உப்பிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. பாதமெல்லாம் இரத்தம். உனக்கு அது தெரியவே இல்லை. எப்போது ஏறியதோ, அதை வைத்துக்கொண்டே அங்கே முழங்காலில் இருந்திருக்கிறாய். சவர்க்காரத்தைத் தேய்த்து நான்தான் அதை எடுத்துப் போட்டேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ" என்று சாதாரணமாகச் சொன்னாய், கை கழுவப் போய்விட்டாய். நீ யாரென்று எனக்குத் தெரியாதது போல அன்று உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த சுற்றில் அந்த வீட்டுக்குப் பாக்கியம் அக்கா வந்தார். அதற்கடுத்த சுற்றில் எல்லாரும் வந்தார்கள். நான் மட்டும் போகவில்லை. நீயும் ஒருநாளும் வாவென்று கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை, எஸ்தர்? நான் வருவேன் என்று உனக்குத் தெரிந்திருந்ததா?

நான் தொரையோடு மேசையைத் தட்டிப் பேசும்போது என் முதுகுக்குப் பின்னால் முழுத் தோட்டமும் நிற்கும். அது கொடுக்கிற தெம்பு எனக்குத் தெரியும். அந்த மழையில் உன் பின்னால் யார் இருந்தார்கள்? புருஷன்கூட இல்லை. எதை நம்பி அந்தப் படியில் காலை வைத்தாய்? கேட்டால், "ஆண்டவர் இருந்தாருங்க" என்று சாதாரணமாகச் சொல்லியிருப்பாய். அதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. நம்பாமலிருக்கவும் முடியவில்லை.

ஜெனிட்டா வந்த கதையை நான் முழுதாகச் சொல்லவில்லை. முதலில் அவளை வாசலில் நிற்கவைத்தே பேசினேன். "ஒங்கப்பன் அனுப்பிச்சானா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா விட்டிருக்க மாட்டாரு." என் கண்ணைப் பார்த்தே பேசினாள். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்ன பிறகும் அவள் போகவில்லை.

"இன்னொன்னும் கேக்கணும் மாமா. ஜெபத்துல ரூபி பேரையும் சொல்லுவீங்களா? நாங்க ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. அவ இருந்திருந்தா அவதான் எனக்குத் தோழிப் பொண்ணு. எங்க வீட்டுல அவ பேர யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்ல. எல்லாருக்கும் பயம். அவ பேரச் சொல்லாம அந்த வாசல விட்டு எறங்க எனக்கு மனசு வரல."

நான் உள்ளே போய்விட்டேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

நீ போன பிறகு என்னிடமும் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, தெரியுமா? தலைவர் மனம் நோகும் என்று அவர்களுக்குப் பயம். அந்தப் பெயரைக் கேட்டு எனக்கு எவ்வளவு தாகமாக இருந்தது என்பது ஒரு சின்னப் பெண் வாசலில் நின்று சொன்னபோதுதான் தெரிந்தது. அதுவும் யாருடைய மகள்!

ஆகவே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த எழுத்தைப் படிக்கிற எல்லாரும் சாட்சி. நான் போகிறேன். சாமுவேலை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. கால் நடுங்கும். நடுங்கட்டும். வாசலில் அந்தப் பிள்ளையை நிறுத்தி அவள் தலையில் கை வைப்பேன். ரூபி என்று உரக்கச் சொல்வேன், வீட்டுக்குள் இருக்கிற சாமுவேலுக்கும் கேட்கும்படி. அப்புறம், நம் பிள்ளையைக் கட்டிக்கொடுத்தால் எப்படி அனுப்புவேனோ, அப்படி அவளை அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
ரூபியின் அப்பா.