பதினாறு வயது

அன்புள்ள அத்தைக்கு, மதியழகி வணங்கி எழுதுவது. ஹைதராபாத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பிறவிச் செவிட்டுக்கான மரபணுவைக் கண்டுபிடித்ததற்கு உங்களுக்கு விருது என்று பேப்பரில் பார்த்தோம்.

பயப்பட வேண்டாம், அப்பாவுக்குக் கை மட்டும்தான் உடைந்திருக்கிறது. எங்கள் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, எனக்கும் தாய்மாமனுக்கும் அதே மரபணு இருக்கிறது, கல்யாணம் கூடாது என்றீர்களே, அதை அப்பா மாமாவிடம் சொன்னார். மாமா கீழவாஞ்சூரிலிருந்து நிலக்கரி லாரியிலேயே வந்து இறங்கினார்.

“என் ரத்தத்துல கோளாறா?” என்று அப்பாவை ஜாக்கிக் கம்பியால் அடித்தார். தடுத்த அம்மாவுக்கு இரண்டு பல் போயிற்று.

“ஆவணி மொத முகூர்த்தத்துலயே தாலி கட்டுறேன். பொறக்குற புள்ள பேசட்டும், அப்பத் தெரியும் அந்த ஹைதராபாத்துக்காரி படிச்ச லட்சணம்.”

காது மெஷின் பேட்டரி தீர்ந்திருந்ததால் தம்பி எதுவும் கேட்காமல் தூங்கினான். வரும்போது வாங்கி வாருங்கள்.

போனை மாமா பிடுங்கிக்கொண்டார். வாசலில்தான் படுத்திருக்கிறார், இருமுகிறார், சீக்கிரம் முடிக்கிறேன். தனியாக வராதீர்கள், போலீசோடு வாருங்கள். அவர்களிடம் மரபணு பற்றிப் பேச வேண்டாம் அத்தை. எனக்குப் பதினாறு வயதுதான் என்று மட்டும் சொல்லுங்கள்.

மதி