ஈவ்லின் கலர்

ஜூன் 2, திங்கள்

சித்தூரிலேயே பஸ் தாமதம். ரேணிகுண்டா ஆபீசுக்குள் நுழையும்போது என் பக்கத்து மேஜையில் ஒரு புதுப் பெண். மைத்ரேயி. திருப்பதிக்காரி, அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருக்கிறாராம். மேனேஜர் பிரவீன் சார் அவளுக்கு என் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டைக் காட்டினார். பால் டேங்கர் டிரைவர்கள் அனுப்பும் செய்தி எங்கள் சாட்டில் வரும்போது, வண்டி நின்றுவிட்டால் சிவப்பு எழுத்து, போய்ச் சேர்ந்துவிட்டால் பச்சை. யாரும் சொல்லித் தராமல் நானே தட்டுத் தடுமாறி எழுதியது. ஆபீசில் அதற்குப் பேரே ‘ஈவ்லின் கலர்’.

பார்த்துவிட்டு, “நன்னாருக்கு” என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

ஜெகநாதனிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள். டேங்கர் செய்திகளைப் பார்க்கும் மேஜை அவனுடையது, கேட்க வேண்டியதுதான். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டா?

ஜூன் 11, புதன்

என் கலர் போய்விட்டது.

மைத்ரேயி புதிதாக எழுதிவிட்டாள். கலரே கிடையாது. வண்டி நின்றால் கொட்டை எழுத்து, சுற்றிலும் கட்டம். வேலை முடிந்தால் வரி சாம்பல் நிறமாகி, நடுவில் ஒரு கோடு அடித்துவிடும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கிறது. பிரவீன் சார் “சூப்பர்ம்மா” என்கிறார். சரி, அவர் எதற்கும் சூப்பர் சொல்வார். ஜெகா சொன்னதுதான்—

“இப்போ தான், ஈவ்லின், நிம்மதியா கீது. பட்டுனு தெரியுது.”

அப்படியென்றால் இத்தனை நாள்? என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோதெல்லாம் நிம்மதி இல்லாமலா இருந்தது? சிரித்து வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

அவள் எழுதியதைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். கற்றுக்கொள்ள என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். குறை தேடத்தான் போனேன். சுத்தமாக எழுதியிருக்கிறாள். நான் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் நாலு வரியில் முடிக்கிறாள்.

ஆனால் ஒன்று கிடைத்தது. செய்தியில் ‘ஓகே’ என்ற சொல் எங்கே வந்தாலும் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டு கோடு அடிக்கிறது. ‘ஓகே இல்லை’ என்று ஒருவன் எழுதினால்?

சொல்லவில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும். பெரிய படிப்புதானே.

ஜூன் 20, வெள்ளி

மத்தியானம் ஜெகா அவள் டப்பாவிலிருந்து புளியோதரை எடுத்துத் துன்னுகினு— பார், எனக்கும் அவன் பேச்சு ஒட்டிக்கொண்டது. என் டப்பா மூடியபடியே வீட்டுக்கு வந்தது. அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

காலையில் சாட்டில் வந்தது: ‘கிளட்ச் ஓகே இல்ல. நாகலாபுரம் கிட்ட நிக்குது.’ வந்த உடனே சாம்பலாகிக் கோடு விழுந்தது. ஜெகா போனில் இருந்தான். நிமிர்ந்து பார்த்தான், முடிந்த வேலை என்று விட்டுவிட்டான்.

நான் பார்த்தேன். படித்தேன். எழுந்து டீ குடிக்கப் போனேன்.

இன்றைக்கு மாட்டுவாள் என்று நினைத்தேன். அது மட்டும்தான் மனதில் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தும் வாய் திறக்கவில்லை. கடைசியில் டிரைவரே பிரவீன் சாருக்குப் போன் செய்து கத்தியபோதுதான் மாற்று வண்டி போனது. அதற்குள் பால் திரிந்துவிட்டது.

மாட்டியது அவள் இல்லை. ஜெகா.

“கனபடலேதா நீகு? கண்ணு இல்லையா?” என்று எல்லோர் முன்னாலும் சார் கத்தினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “ஈவ்லின், உன் கலரையே போட்டுடும்மா. செவப்பா வந்திருந்தா இவன் பாத்திருப்பான்” என்றார்.

எவ்வளவு நாள் காத்திருந்த வார்த்தை!

ஜெகா எழுந்தான். “செவப்பா வந்தாலும் தெரியாது சார். செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணாத்தான் கீது. சின்ன வயசுல இருந்தே. ரயில்வே வேலைக்கு அதனாலதான் எடுக்கல.”

மைத்ரேயி மெதுவாகச் சொன்னாள்: “அதுக்காகத்தான் சார் கலர் இல்லாம எழுதினேன். எங்கப்பாவுக்கும் இப்படித்தான். இவர் ஒவ்வொரு வரியா விரல் வெச்சு படிக்கறதப் பாத்து நானே கேட்டேன்.”

அந்த விரலை நானும்தான் தினம் பார்த்தேன். நான் ஏன் கேட்கவில்லை? அவன் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நாளையிலிருந்து ஜெகாவுக்கு டேங்கர் மேஜை இல்லை, குடோனுக்குப் போகட்டும் என்று சார் சொல்லிவிட்டார்.

ஜூன் 25, புதன்

சொல்லிவிட்டேன். சார் அறையில், அவர்கள் இருவரும் இருக்கும்போதே. தப்பு ஸ்கிரிப்டில் என்று, அது எனக்கு முன்பே தெரியும் என்று, நேற்று அந்தச் செய்தியைப் படித்தேன் என்று.

மைத்ரேயி முகம் வெளுத்துப் போனது. “நான் சோதிச்சுப் பாத்திருக்கணும்” என்று மட்டும் சொன்னாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஜெகா என்னைப் பார்த்தான். “பாத்துகினே போய் டீ குடிச்சியா?”

எனக்கு மெமோ. ஜெகாவுக்கு மேஜை திரும்பிவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

ஜெகா பேசவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்றும் இல்லை.

ஜூலை 7, திங்கள்

மைத்ரேயி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். “டிரைவர்கள் எப்படியெல்லாம் எழுதுவான்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் எழுதறேன், நீங்க உடைச்சுக் காட்டுங்கோ” என்றாள்.

உடைத்தேன். சந்தோஷமாகவே உடைத்தேன். தெலுங்கிலே ‘ஆகிந்தி’ என்று ஒருவன் எழுதுவான், நின்றுவிட்டது என்று அர்த்தம். தமிழ்க் கண்ணுக்கு ஏதோ முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். அவளுக்கு அது தோன்றவே இல்லை. ரகசியமாக ஒரு சந்தோஷம். நல்ல குணம் இல்லைதான்.

நீலம் மட்டும் ஜெகாவுக்குப் பளிச்சென்று தெரியுமாம். அவள்தான் கேட்டு வந்து சொன்னாள். நின்ற வண்டிக்கு நீலப் பட்டை வைத்தோம். ஆபீசுக்குப் போட்ட அறிவிப்பில் அவள் பேர் முதலில். எனக்கு உறுத்தியது. சொன்னேன். “அட, மாத்திடலாமே” என்று மாற்றிவிட்டாள். அதுவும் உறுத்தியது.

ஜூலை 19, சனி

சாயங்காலம் கிளம்பும்போது ஜெகா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்தான். பஸ் வரும்போதுதான் வாயைத் திறந்தான்.

“தங்கச்சிக்கு நிச்சயம் வெச்சிருக்கோம். புடவை எடுக்கணும். போன தபா நான் எடுத்த கலரப் பாத்து வீட்ல சிரிச்சிட்டாங்க. நாளைக்கி திருப்பதிக்கு வர்றியா? நீ கலர் பாத்து சொல்லு.”

“சர்ச் முடிஞ்சு வரேன்” என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புத்தூர்க்காரி ஒருத்தி கூடையைக் காலடியில் வைத்து என்னை நெருக்கினாள். திருப்பதியிலேயே இருக்கிறாள் மைத்ரேயி. கடைத்தெருவுக்கு அவளுக்கு நடக்கிற தூரம்தான்.

ஜெகா அவளைக் கேட்கவில்லை.