மலைநடைக் கழகத்தின் ஒரே தமிழர்

இஞ்சருங்கோ,

நேரே சொன்னால் சத்தம் போட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். நேற்று டண்டினொங் மலைப்பாதையில் நான் பாதியில் இறங்கிப் போனது தலையிடியால் அல்ல.

சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்திருந்தேன். வழி தவறிய ஒரு குடும்பம் உங்களிடம் வந்தது. பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த பெண், "அண்ணா, தமிழ்தானே? கார் பார்க்குக்கு எந்தப் பாதையால போறது?" என்று கேட்டாள். உங்கள் கழகத்துக் கிரெய்க்கும் மற்ற வெள்ளைக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் அவளுடைய றப்பர் செருப்பைப் பார்த்தீர்கள். பிறகு, உங்கள் பாஷை எனக்கு விளங்காது என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அவர்கள் நகர்ந்ததும், செருப்போடு மலை ஏற வந்திருக்கிறார்கள் என்று கிரெய்க் சிரித்தான். நீங்கள் அவனைவிடச் சத்தமாகச் சிரித்தீர்கள்.

நான்தான் அவர்களைக் கீழே கூட்டிப்போனேன். "மலை ஏறின களையில அந்த அண்ணைக்குத் தமிழ் மறந்துபோச்சுது" என்று அவள் பகிடி விட்டாள். அவர் என் கணவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குசினித் தொட்டியில் கொட்டினேன். அந்தக் கோப்பையைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

வருகிற ஞாயிறு, எல்லா இனத்தவரையும் நடக்க வரவேற்று, கழகத்தின் சார்பில் மலையடிவாரத்தில் நீங்கள்தான் பேசப்போகிறீர்கள். நான் சேலை உடுத்திப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். நிற்கமாட்டேன். அன்றைக்கு, நேற்று இறங்கும்போதே பேசிக்கொண்டபடி, அந்தப் பெண்ணின் குடும்பத்தோடு அதே மலையில் நடக்கப்போகிறேன். பாதையில் கண்டால், என்னையும் தெரியாதவர் போலவே கடந்து போங்கள்.

நேற்றுவரை உங்களோடு நடந்தவள்